பொத்தானை அழுத்தியும் சர்வர் அணையாதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் உருவான கணினிகளை) ஓட்டும் வழக்கம் சிறிய அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது. அந்த இயந்திரங்களுக்குள் நிறுவ வேண்டிய துணை மென்பொருள்களைப் பற்றிய கடிதங்கள் அதற்கேற்பச் சேர்ந்துவிட்டதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அசல் பெட்டியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் இயந்திரத்தைக் கெஸ்ட் என்றும் குறிப்பிடுகிறேன். சர்வர் அறைகளில் வழங்கும் சொற்களும் அவைதாம்.

கேள்வி: எங்கள் நூல் வணிக அலுவலகத்தில், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை நிறுவிய ஒரு சர்வர் இருக்கிறது. அதில் உபுண்டு ஒன்றும் விண்டோஸ் சர்வர் ஒன்றும் கெஸ்ட்டுகளாக ஓடுகின்றன. இரண்டுக்கும் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கெஸ்ட் ஏஜென்ட் என்பதை டிக் செய்திருக்கிறேன். உபுண்டுவுக்குள் ஏஜென்ட் பேக்கேஜையும் நிறுவி, உள்ளிருந்தே ரீபூட் செய்தேன். ஆனாலும் சுருக்கப் பக்கத்தில் ஐபி முகவரி வரவில்லை. ஏஜென்டைக் கையால் தொடங்கினால் ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டுத் தோல்வி என்கிறது. விண்டோஸ் கெஸ்ட்டோ, ஷட்டவுன் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவதில்லை. முன்பெல்லாம் ஒழுங்காக அணைந்துகொண்டிருந்தது. எங்கே தவறு?
– ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் இரண்டு கெஸ்ட்டுகளிலும் பாதி வேலை மட்டுமே நடந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் நடந்த பாதி வேறு. கெஸ்ட் ஏஜென்ட் என்பது இயந்திரத்துக்குள் பின்னணியில் ஓடும் ஒரு சிறு சேவை. அது நெட்வொர்க் வழியாக ஹோஸ்ட்டுடன் பேசுவதில்லை. ஹோஸ்ட் தன் பக்கத்திலிருந்து ஒரு மெய்நிகர் சீரியல் போர்ட்டைக் கெஸ்ட்டுக்குப் பொருத்துகிறது. உள்ளே ஓடும் சேவை அந்தப் போர்ட்டில் காதை வைத்துக் காத்திருக்கிறது. ஆப்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் போட்ட டிக் அந்தப் போர்ட்டைப் பொருத்துவதற்கானது. பேக்கேஜை நிறுவுவது அந்தப் போர்ட்டில் காதை வைக்க ஓர் ஆளை அமர்த்துவது போன்றது. இரண்டும் இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

உபுண்டுவில் ஆள் இருக்கிறார், போர்ட் இல்லை. இயந்திரத்துக்குள்ளிருந்து கொடுக்கும் ரீபூட், கெஸ்ட்டின் இயங்குதளத்தை மட்டுமே மறுபடி தொடங்குகிறது. ஹோஸ்ட்டில் அந்த இயந்திரமாக ஓடிக்கொண்டிருக்கும் கியூஎமு புரோசஸ் முன்பிருந்தபடியே தொடர்கிறது. புதிய போர்ட் அந்தப் புரோசஸ் புதிதாகத் தொடங்கும்போதுதான் சேரும். ஆகவே இயந்திரத்தை முற்றிலும் அணைத்து, பிராக்ஸ்மாக்ஸ் திரையிலிருந்து ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அத்திரையிலேயே உள்ள ரீபூட் பொத்தானும் போதும். அது இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்பவும் எழுப்புவதால், நிலுவையில் உள்ள மாற்றங்கள் அப்போது சேர்ந்துவிடுகின்றன. நீங்கள் கண்ட ஒன்றரை நிமிடக் காத்திருப்பு, அந்தச் சேவை தன் போர்ட் வரும் வரும் என்று எதிர்பார்த்து ஓய்ந்த நேரம். அந்தச் சேவையை எனேபிள் செய்யும் கட்டளைக்கும் உபுண்டுவும் டெபியனும் ஓர் எச்சரிக்கை காட்டும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். போர்ட் தோன்றியவுடன் தானே எழுந்துகொள்ளும்படி அந்தச் சேவை அமைக்கப்பட்டிருப்பதால், எனேபிள் செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதே அந்த எச்சரிக்கையின் பொருள்.

விண்டோஸில் நிலைமை நேர்மாறானது. அங்கே டிக் போட்ட பிறகு ஏதோ ஒரு மின்வெட்டில் இயந்திரம் முழுதாக அணைந்து எழுந்திருக்க வேண்டும். போர்ட் வந்துவிட்டது, ஆனால் உள்ளே ஏஜென்ட் நிறுவப்படவில்லை. டிக் இல்லாத காலத்தில் பிராக்ஸ்மாக்ஸ், பெட்டியின் பவர் பொத்தானை அழுத்துவதற்கு ஒப்பான ஏசிபிஐ சமிக்ஞையை அனுப்பியது. விண்டோஸ் அதைப் புரிந்துகொண்டு அணைந்தது. டிக் போட்ட பிறகு அந்த வழியை விட்டுவிட்டு, அணைந்துகொள்ளும்படி ஏஜென்டிடம்தான் சொல்கிறது. கேட்பதற்கு யாரும் இல்லாததால் நேரம் தீரும்வரை காத்திருந்து கைவிடுகிறது. ‘டிக்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று எல்லா இயந்திரங்களுக்கும் போட்டுவைப்பதன் விளைவு இது. ஏஜென்ட் நிறுவும்வரை அந்த டிக்கை எடுத்துவிட்டு, இயந்திரத்தை ஒருமுறை உள்ளிருந்து ஷட்டவுன் செய்து திரும்ப எழுப்புங்கள்.

இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், யுபிஎஸ் பேட்டரி தீரும் தறுவாயில் ஹோஸ்ட்டைத் தானே அணைக்கும்படி அமைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு மின்சாரம் போனது. ஹோஸ்ட் ஒழுங்காகத் தன் கெஸ்ட்டுகளை அணையச் சொன்னது. நானும் உங்களைப் போலவே டிக் மட்டும் போட்டுவைத்திருந்த ஒரு கெஸ்ட்டுக்கு அந்தச் சொல் எட்டவில்லை. பிராக்ஸ்மாக்ஸ் இயல்பாக 180 வினாடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் அணையாத இயந்திரத்தை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். அவ்வாறே நிறுத்தியது. அதில் ஓடிய பழைய கணக்கு மென்பொருள் தன் இண்டெக்ஸ் கோப்புகளைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றைத் திரும்ப எழுப்புவதில் போயிற்று.

வேலை முடிந்ததா என்று அறிய, ஹோஸ்ட்டின் ஷெல்லில் ‘கியூஎம் ஏஜென்ட்’ என்ற கட்டளைக்குப் பின் இயந்திரத்தின் எண்ணையும் ‘பிங்’ என்ற சொல்லையும் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுமே சொல்லாமல் திரும்பினால் ஏஜென்ட் பதில் அளித்துவிட்டது என்று பொருள். இல்லையேல் ஓடவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லும். அதன்பின் ஆட்கள் வேலை செய்யாத நேரத்தில் ஷட்டவுன் பொத்தானை ஒருமுறை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘நிறுவியாயிற்று’ என்று எழுதிவைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கேள்வி: விண்டோஸ் கெஸ்ட்டுக்கு எந்தத் தட்டை (சிடியை) போட வேண்டும்? பழைய விண்டோஸ் சர்வரின் டிஸ்க்கை வேகத்துக்காக, மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே அமைந்த விர்ட்ஐஓ வகைக்கு மாற்றியதும் நீலத்திரை வந்துவிட்டது. பயந்துபோய்ப் பழையபடி ஆக்கிவிட்டேன். இது இனி முடியாத காரியமா?
– திருச்சி வாசகி

பதில்: முடியும், வரிசையை மாற்றிச் செய்ய வேண்டும். கேவிஎம் (லினக்ஸோடே வரும் மெய்நிகராக்க வசதி) வகை ஹோஸ்ட்டுகளில், பிராக்ஸ்மாக்ஸ் உள்பட, ஓடும் விண்டோஸுக்கு விர்ட்ஐஓ-வின் என்ற பெயருடைய ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் நகல்) உண்டு. ஃபெடோரா திட்டத்தார் அதைக் கட்டித் தருகிறார்கள். அதை கெஸ்ட்டின் சிடி டிரைவில் பொருத்தி, அதற்குள் இருக்கும் விர்ட்ஐஓ-வின்-கெஸ்ட்-டூல்ஸ் என்ற நிறுவியை ஓட்டினால், டிஸ்க், நெட்வொர்க், நினைவகம் ஆகியவற்றுக்கான டிரைவர்களும் கெஸ்ட் ஏஜென்டும் ஒரே மூச்சில் சேர்ந்துவிடும். ஏஜென்டை மட்டும் தனியாக நிறுவுகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது அந்தச் சீரியல் போர்ட்டுக்கான டிரைவரை. டிவைஸ் மேனேஜரில் பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்ற பெயரில் மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் ஒன்று நின்றுகொண்டிருந்தால், விண்டோஸுக்கு அடையாளம் தெரியாமல் நிற்பது அந்தப் போர்ட்தான்.

நீலத்திரைக்கு வருவோம். விண்டோஸ் தொடங்கும் முதல் சில நொடிகளிலேயே தன் பூட் டிஸ்க்கைப் படித்தாக வேண்டும். டிஸ்க்கின் வகையை நீங்கள் மாற்றியபோது, புதிய வகைக்கான டிரைவர் தொடக்கத்திலேயே ஏற்றப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இல்லை. கோப்பு டிஸ்க்கில் கிடந்திருந்தாலும், டிஸ்க்கைப் படிக்கவே அந்த டிரைவர் வேண்டும் என்பதால் அதை எட்ட முடியாது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற நிலை அது.

ஆகவே பூட் டிஸ்க்கை முதலில் தொடவே வேண்டாம். ஒரு ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்த நொடி நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டு, ஒரு ஜிபி அளவில் இரண்டாவது டிஸ்க் ஒன்றை, நீங்கள் மாற விரும்பும் அதே வகையில் சேருங்கள். வழக்கம்போல விண்டோஸுக்குள் நுழைந்து டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் புதிய கன்ட்ரோலர் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அந்த டிரைவரை ஒருமுறை உண்மையான சாதனத்தின்மீது பயன்படுத்திவிட்டால், அடுத்த தொடக்கத்திலிருந்து அதை நேரத்தோடு ஏற்றிக்கொள்ளும். இயந்திரத்தை அணைத்து, சின்ன டிஸ்க்கைக் கழற்றி, பூட் டிஸ்க்கைப் புதிய வகைக்கு மாற்றி, பூட் வரிசையில் அதற்கு டிக் இருக்கிறதா என்று சரிபார்த்துத் தொடங்குங்கள். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு, பூட் ஆகவில்லை என்று டிரைவரைக் குறை கூறியவர்களில் நானும் ஒருவன்.

புதிதாக விண்டோஸ் நிறுவுகிறவர்களுக்கு இவ்வளவு சுற்று தேவையில்லை. எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் திரை காலியாக இருந்தால், லோட் டிரைவர் என்பதை அழுத்தி, அதே ஐஎஸ்ஓவில் வியோஸ்கஸி அடைவுக்குள் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு உரிய உள் அடைவைக் காட்டினால் டிஸ்க் தோன்றிவிடும்.

கேள்வி: விஎம்வேர் (இதுவும் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) சர்வரில் டெபியன் கெஸ்ட். அதன் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸைத் தட்டிலிருந்து நிறுவ வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், ஓப்பன்-விஎம்-டூல்ஸ் போதும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? அத்துடன், நெட்வொர்க் கார்டை விஎம்எக்ஸ்நெட்3 வகைக்கு மாற்றியதும் சர்வரைத் தொடர்புகொள்ளவே முடியாமல் போனது.
– சென்னை வாசகர்

பதில்: இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். விஎம்வேர் தன் டூல்ஸின் பெரும்பகுதியை 2007இல் திறமூலமாக வெளியிட்டது, ஓப்பன்-விஎம்-டூல்ஸ் அதுவே. லினக்ஸ் கெஸ்ட்டுகளுக்கு அந்நிறுவனமே பரிந்துரைப்பதும் இதைத்தான். தட்டிலிருந்து நிறுவினால் புதுப்பிப்பது உங்கள் தலைவேதனையாகிவிடும். பேக்கேஜாக நிறுவினால் மற்ற பேக்கேஜ்களோடு அதுவும் புதுப்பிக்கப்படும். திரையில்லாத சர்வருக்கு அடிப்படைப் பேக்கேஜ் போதும். டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு வரும் இன்னொன்று, திரையின் அளவைச் சரிசெய்வதற்கும் வெட்டி ஒட்டுவதற்குமானது. அதை நிறுவிய பிறகு நிர்வாகத் திரையில் ‘கெஸ்ட் மேனேஜ்டு’ என்று வந்தால் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். டூல்ஸைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கெஸ்ட்டே ஏற்றிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

நெட்வொர்க் போனதற்கும் டூல்ஸுக்கும் தொடர்பில்லை. விஎம்எக்ஸ்நெட்3 டிரைவர் பல ஆண்டுகளாக லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடே வருகிறது. முன்பு உங்களுக்கு இருந்தது இ1000 என்ற கார்டு. இன்டெல்லின் பழைய கிகாபிட் கார்டைப் போல நடிப்பது அது. புதியது வேறு ஸ்லாட்டில் அமர்கிறது. லினக்ஸ் ஸ்லாட்டை வைத்துத்தான் கார்டுக்குப் பெயர் சூட்டுகிறது. நேற்று இஎன்எஸ்33 என்று இருந்தது இன்று இஎன்எஸ்192 என்று ஆகியிருக்கும்; உங்கள் நெட்வொர்க் அமைவுக் கோப்போ இன்னமும் 33க்குத்தான் முகவரி எழுதிவைத்திருக்கிறது. ஹோஸ்ட்டின் கன்சோல் வழியாக உள்ளே போய் அந்த ஒரு பெயரை மாற்றினால் தீர்ந்தது. இந்த மாற்றத்தை எஸ்எஸ்எச் என்ற தொலைநிலை உள்நுழைவு வழியாக மட்டும் எட்டக்கூடிய ஒரு சர்வரில், கன்சோல் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொள்ளாமல் செய்யாதீர்கள். விண்டோஸில் இதே மாற்றத்தின்போது வேறொரு விசித்திரம் நேரும்: பழைய முகவரியை எழுதினால், அது வேறொரு கார்டுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று மறுக்கும். கழற்றிய கார்டின் நிழல் டிவைஸ் மேனேஜரில் மறைந்து நிற்பதே காரணம். மறைந்த சாதனங்களைக் காட்டச்சொல்லி அதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: இரவுப் பேக்கப்பின்போது ஏஜென்ட் கோப்பு முறைமையை ‘உறைய’ வைக்கிறது என்று படித்தேன். ஓடுகிற டேட்டாபேஸை உறைய வைப்பது ஆபத்தில்லையா? உறைய வைக்காமல் எடுத்த பேக்கப் செல்லாதா?
– மதுரை வாசகர்

பதில்: கேள்வியின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறேன். ஏஜென்ட் இல்லாமல் எடுக்கும் பேக்கப், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மின்கம்பியைத் திடீரென்று பிடுங்கினால் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். நினைவகத்தில் இருந்து இன்னும் டிஸ்க்குக்கு இறங்காத எழுத்துகள் அதில் இரா. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி போன்ற டேட்டாபேஸ்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டே மற்றதைச் செய்வதால், அத்தகைய டிஸ்க்கிலிருந்தும் எழுந்து நின்றுவிடும். கோப்புகளை நேரடியாகத் திறந்து எழுதும் பழைய கணக்கு மென்பொருள்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஏஜென்ட் இருந்தால், ஹோஸ்ட் ஸ்னாப்ஷாட் எடுப்பதற்குச் சற்று முன் உறையவைக்கும் கட்டளையை அனுப்பும். லினக்ஸ் கெர்னல் நினைவகத்தில் தேங்கியிருப்பதை எல்லாம் டிஸ்க்குக்கு இறக்கிவிட்டு, புதிய எழுத்துகளை வாசலில் நிறுத்திவைக்கும். படம் பிடித்ததும் உருகவைக்கும் கட்டளை வரும். நின்றவை எல்லாம் உள்ளே போகும். ஒழுங்காக நடந்தால் இந்த இடைவெளி மிகச் சிறியது, பயனாளர் உணரமாட்டார். டேட்டாபேஸை அதற்கு முன் ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால், உறைவதற்கு முன்னும் உருகிய பின்னும் ஓடும்படி உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்டுகளை வைக்க கியூஎமு ஏஜென்டும் விஎம்வேர் டூல்ஸும் இடம் தருகின்றன.

ஆபத்து இருப்பது உறைவதில் இல்லை, உருகாமல் போவதில். உறைந்திருக்கும் நேரத்தில் அந்த ஸ்கிரிப்ட் ஏதாவது கோப்பில் ஒரு வரி எழுத முயன்றால், எழுத்து முடியட்டும் என்று ஸ்கிரிப்டும், ஸ்கிரிப்ட் முடியட்டும் என்று ஏஜென்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் உயிரோடிருக்கும், பிங்குக்குப் பதில் தரும். ஆனால் எவரும் உள்நுழைய முடியாது, எந்தப் பக்கமும் திறக்காது. இத்தகைய நிலையில் இயந்திரத்தை நிறுத்தித் தொடங்குவதற்கு முன், ஹோஸ்ட்டிலிருந்து உருகவைக்கும் கட்டளையை ஒருமுறை கையால் அனுப்பிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

விண்டோஸில் இதே வேலை விஎஸ்எஸ் என்ற அமைப்பு வழியாக நடக்கிறது. அங்கே மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரின் சொந்த வித்தியாசப் பேக்கப்புகளை (கடைசி முழுப் பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பவற்றை) நீங்கள் தனியே எடுத்துவந்தால், ஏஜென்டின் உறைவுக் கட்டளை அந்தப் பேக்கப் சங்கிலியை அறுத்துவிடக்கூடும். பிராக்ஸ்மாக்ஸின் கையேடே இதை எச்சரித்து, பேக்கப்பின்போது உறையவைப்பதை மட்டும் நிறுத்திவைக்க ஒரு தெரிவையும் தருகிறது. அந்த ஒரு சூழலில் அதை நிறுத்திவைப்பதே சரி. மற்ற எல்லாவற்றுக்கும் உறைய விடுங்கள்.

கேள்வி: கெஸ்ட்டுக்கு 8 ஜிபி நினைவகம் கொடுத்திருக்கிறேன், உள்ளே பார்த்தால் சில நேரம் 5 ஜிபிதான் காட்டுகிறது. பலூன் டிரைவரின் வேலை என்கிறார்கள். அதை நீக்கிவிடலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: நீக்க வேண்டாம், அதற்குக் கொடுத்த இடத்தைக் குறையுங்கள். பலூன் என்பது கெஸ்ட்டுக்குள் உட்கார்ந்து நினைவகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாங்கியதை ஹோஸ்ட்டிடம் திருப்பித்தரும் ஒரு டிரைவர். கெஸ்ட் எந்தப் பக்கங்களை விட்டுக்கொடுக்கலாம் என்று ஹோஸ்ட்டுக்கு வெளியிலிருந்து தெரியாது, கெஸ்ட்டுக்கே தெரியும். ஆகவே உள்ளே ஒரு பலூனை ஊதி, கெஸ்ட்டையே முடிவெடுக்க வைக்கும் இந்த யோசனையை 2002இல் விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் ஓர் ஆய்வுரையில் விளக்கினார். இன்று எல்லோரிடமும் அதன் வடிவம் ஒன்று இருக்கிறது.

பிராக்ஸ்மாக்ஸில் நினைவகத்துக்கும் குறைந்தபட்ச நினைவகத்துக்கும் வெவ்வேறு எண் கொடுத்திருந்தால், ஹோஸ்ட்டின் நினைவகப் பயன்பாடு இயல்பாக 80 சதவீதத்தை நெருங்கும்போது பலூன் ஊதத் தொடங்கும். உங்கள் ஹோஸ்ட் நிரம்பி வழிகிறது என்பதே அந்த 5 ஜிபி உங்களுக்குச் சொல்லும் செய்தி. டேட்டாபேஸ் ஓடும் கெஸ்ட்டுக்கு இரண்டு எண்களையும் ஒன்றாக்கிவிடுங்கள். தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட இடத்தை நடுவில் பிடுங்கினால் டேட்டாபேஸ் தாங்காது. பலூன் சாதனத்தை மட்டும் இருக்க விடுங்கள், ஏனெனில் கெஸ்ட் உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறது என்ற கணக்கை ஹோஸ்ட்டுக்குச் சொல்வதும் அதுதான்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் சோதனைச் சர்வர் ஒன்று. கெர்னல் புதுப்பித்ததும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் வேலை செய்யவில்லை, பகிர்ந்த அடைவு காணாமல் போய்விட்டது.
– நெல்லை மாணவர்

பதில்: தட்டிலிருந்து நிறுவும் கெஸ்ட் அடிஷன்ஸ், உங்கள் கெர்னலுக்கென்று அங்கேயே கம்பைல் ஆகிச் சேர்கிறது. புதிய கெர்னலுக்கு உரிய ஹெடர் பேக்கேஜ் இல்லையென்றால் கம்பைல் தோற்கும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு எண்ணும் ஹெடரின் எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, கம்பைல் கருவிகளான பில்ட்-எசென்ஷியலையும், கெர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்பக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ்ஸையும் சேர்த்து நிறுவி, அடிஷன்ஸை மீண்டும் ஓட்டுங்கள். தோற்றால் லாக் அடைவில் விபாக்ஸ்ஆட்-செட்டப் என்ற பதிவுக் கோப்பு காரணத்தைச் சொல்லும்; பெரும்பாலும் அதன் கடைசிப் பத்து வரிகளுக்குள்ளேயே காரணம் இருக்கும். அடைவு தெரிந்தும் திறக்க அனுமதி இல்லையென்றால், உங்கள் பயனர் பெயரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்து, வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள். 2018இல் வந்த கெர்னல் 4.16இலும் 2020இல் வந்த 5.6இலும் இந்த டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன; ஆகவே உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களின் புதிய பதிப்புகளில், அந்த விநியோகத்தின் சொந்தப் பேக்கேஜ்களை முதலில் முயன்றுவிட்டு, தட்டுக்குப் பின்னர் வாருங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வியில் எதை நிறுவ வேண்டும்?
– சேலம் வாசகர்

பதில்: பெரும்பாலும் எதையும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2009 ஜூலையில் ஏறக்குறைய 20,000 வரி டிரைவர் நிரல்களை லினக்ஸ் கெர்னலுக்கு வழங்கியது. அதன் வழியில் வந்தவை இன்று எல்லா விநியோகங்களிலும் இருக்கின்றன. விண்டோஸ் கெஸ்ட்டுகளுக்கு, விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பு முதல், துணை மென்பொருள்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடும். பழைய ஐஎஸ்ஓ கோப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. லினக்ஸில் ஐபி முகவரி நிர்வாகத் திரையில் தெரிவதற்கும் பேக்கப்பின்போது உறைவதற்கும் ஹைப்பர்வி-டீமன்ஸ் என்ற பேக்கேஜ் தேவை. உபுண்டுவில் அதுவே கிளவுட்-டூல்ஸ் என்ற பெயரில் இருக்கும்.

கேள்வி: நேரத்தை டூல்ஸ் சரிசெய்யட்டும் என்று விடலாமா, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியா?
– கோவை வாசகர்

பதில்: இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; என் தேர்வு கெஸ்ட்டுக்குள் கிரோனி என்ற என்டிபி மென்பொருள். இரண்டும் சேர்ந்து ஓடினால், ஒன்று முன்னே தள்ள மற்றொன்று பின்னே இழுக்கும். விஎம்வேர் டூல்ஸில் இடைவிடாத நேர ஒத்திசைவு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிறுத்திவைத்த இயந்திரத்தை எழுப்பும்போதும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போதும் அது ஒருமுறை ஹோஸ்ட்டின் நேரத்தைக் கெஸ்ட்டுக்கு வைத்துவிடும். ஆகவே ஹோஸ்ட்டின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் அலுவலக நெட்வொர்க்கின் பயனர் கணக்கு அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இது அலங்காரமில்லை. உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்கும் பயனாளரின் கணினிக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் உள்நுழைவு மறுக்கப்படும்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில் ஏஜென்டை நிறுவச் சொல்கிறார்கள். அதன் வழியாக அவர்கள் என் சர்வருக்குள் கட்டளை ஓட்ட முடியுமாமே?
– பெங்களூர் வாசகி

பதில்: முடியும். கியூஎமு ஏஜென்டிடம் கெஸ்ட்டுக்குள் ஒரு நிரலை ஓட்டவும், கோப்பைத் திறந்து படிக்கவும், கடவுச்சொல்லை மாற்றவும் கட்டளைகள் உண்டு. ஏஜென்ட் ரூட் எனும் முழு நிர்வாக உரிமையோடு ஓடுகிறது. ஆனால் ஏஜென்ட் இல்லாவிட்டாலும் உங்கள் டிஸ்க்கும் நினைவகமும் அவர்களுடைய பெட்டியில்தான் இருக்கின்றன. வேண்டுமென்றே படிக்க நினைக்கும் ஒருவரை ஏஜென்டை நீக்கித் தடுக்க முடியாது. ஏஜென்ட் அதை எளிதாக்குகிறது, தடயம் குறைவாகவும் ஆக்குகிறது. அந்த வித்தியாசம் உங்களுக்கு முக்கியமென்றால், ஏஜென்டை வைத்துக்கொண்டே நிரல் ஓட்டும் கட்டளைகளையும் கோப்புக் கட்டளைகளையும் மட்டும் அதன் அமைவுக் கோப்பில் தடைசெய்துவிடலாம். ரெட் ஹேட் குடும்ப விநியோகங்களில் அவற்றில் பல இயல்பாகவே தடைசெய்யப்பட்டே வருகின்றன. டெபியன், உபுண்டுவில் நீங்களே எழுத வேண்டும். அணைப்பதும் உறையவைப்பதும் உருகவைப்பதும் முகவரி சொல்வதும் தொடர்ந்து வேலை செய்யும்.

இது வெறும் அச்சமில்லை. ஹோஸ்ட்டை ஏற்கெனவே கைப்பற்றிவிட்ட ஓர் உளவுக் குழு, விஎம்வேர் டூல்ஸின் அங்கீகாரச் சோதனையில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாக, கெஸ்ட்டின் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே கட்டளைகளை ஓட்டியது 2023 ஜூனில் வெளியாயிற்று. அதற்கான திருத்தமும் அப்போதே வந்தது. ஏஜென்டை ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடாமல், கெர்னலைப் புதுப்பிக்கும் அதே நாளில் அதையும் புதுப்பியுங்கள். ஃபயர்வாலில் இதற்காக எந்தப் போர்ட்டையும் திறக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். முதல் பதிலில் சொன்ன அந்த மெய்நிகர் சீரியல் போர்ட்டுக்கு நெட்வொர்க்கே தேவையில்லை.